பகிர்வு எடிட்டரில் நேரலை நிரல் நேர்காணல்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

தொலைவிலிருந்து நடக்கும் நிரல் நேர்காணலில் விண்ணப்பதாரரும் நேர்காண்பவரும் ஒரே எடிட்டர் பக்கத்தைத் தத்தம் உலாவியில் திறந்து வைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் அடிக்கும் எழுத்து மற்றவர் திரையில் உடனே தோன்றுகிறது. ரன் பொத்தானை அழுத்தினால் வெளியீடு இருவருக்கும் தெரிகிறது. கோடர்பேட், ஹேக்கர்ரேங்க் போன்ற தளங்கள் இதற்கான வசதியைத் தருகின்றன. கூகுள் டாக்ஸிலேயே எழுதச் சொல்பவர்களும் உண்டு. விண்ணப்பித்தவனாகவும் கேள்வி கேட்பவனாகவும் இத்தகைய பக்கங்களின் முன்னால் பல மணி நேரம் உட்கார்ந்தவன் என்ற முறையில் நான் கண்டது இது: பழுது நேர்ந்ததற்காக ஒருவரை யாரும் குறைத்து மதிப்பிடுவதில்லை, பழுது எங்கே என்று தெரியாமல், சரியாக இருக்கும் நிரலை ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் திருத்திக்கொண்டிருப்பவரைத்தான் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

எனவே, எந்த அறிகுறி தென்பட்டாலும் முதல் வேலை இடத்தைக் கண்டுபிடிப்பதே. உங்கள் விசைப்பலகையிலிருந்து உலாவி வரை ஒரு கட்டம். உலாவியிலிருந்து தளத்தின் சர்வர் வரை இரண்டாவது கட்டம். அங்கிருந்து, நிரலைத் தனியே பூட்டி இயக்கும் கன்டெய்னர் வரை மூன்றாவது கட்டம். குரலும் முகமும் போவது பெரும்பாலும் இவை மூன்றிலும் சேராத வேறொரு பாதை. ஆகையால், ‘குரல் தெளிவாகக் கேட்கிறதே, இணையத்தில் கோளாறு இருக்காது’ என்று முடிவுகட்டுவது தவறு. ஒரு வெற்று வரியில் குறிப்புரையாக மூன்று எழுத்துகளை அடித்து, “தெரிகிறதா?” என்று கேளுங்கள், பிறகு 1 என்ற எண்ணை மட்டும் அச்சிடும் ஒற்றை வரியை ஓட்டிப் பாருங்கள். எழுத்து உங்கள் திரையிலேயே வராவிட்டால் பழுது முதல் கட்டத்தில். உங்களுக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாவிட்டால் இரண்டாவதில். இருவருக்கும் தெரிந்தும் 1 வராவிட்டால் மூன்றாவதில். 1 வந்துவிட்டால் பழுது உங்கள் நிரலில்தான். இதற்கு அரை நிமிடம் போதும்.

பக்கம் திறக்கிறது, ஆனால் ‘இணைகிறது’ என்றே நிற்கிறது

பக்கத்தின் படங்களும் பொத்தான்களும் வழக்கமான எச்டிடிபி வழியாக வருகின்றன. எழுத்துகள் உடனுக்குடன் போய்வருவதற்குப் பெரும்பாலான தளங்கள் வெப்சாக்கெட் என்னும் நீடித்த இணைப்பைப் பயன்படுத்துகின்றன. 2011 டிசம்பரில் ஆர்எஃப்சி 6455 என்ற ஆவணத்தில் வரையறுக்கப்பட்ட இந்த நெறிமுறை, முதலில் சாதாரணக் கோரிக்கையைப் போலவே தொடங்கி, சர்வர் 101 என்ற குறியீட்டோடு ஒப்புக்கொண்ட பிறகுதான் வெப்சாக்கெட்டாக மாறும். அலுவலக வலையமைப்புகளில் இடையே நின்று எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கும் பிராக்ஸி, இந்த மாறுதல் கோரிக்கையை விழுங்கிவிடக்கூடும். அப்போது பக்கம் முழுமையாக வந்திருக்கும், எடிட்டர் மட்டும் உயிரற்றுக் கிடக்கும்.

உறுதி செய்துகொள்ள, எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியில் வெப்சாக்கெட் வடிகட்டியைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள்; 101 தென்பட்டால் இந்தக் காரணத்தை விட்டுவிடலாம். தென்படாவிட்டால், அலுவலக வலையமைப்போடு உங்களை இணைக்கும் விபிஎன்னைத் துண்டியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கைபேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுங்கள். வேலை பார்க்கும் நிறுவனத்தின் மடிக்கணினியில் உட்கார்ந்து வேறு நிறுவனத்தின் நேர்காணலுக்குப் போவது நாகரிகமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கணினியில் பிராக்ஸி அமைப்பை மாற்றும் உரிமையே உங்களுக்கு இருக்காது என்பதால், அது நடைமுறையிலும் கெட்ட யோசனை.

வெப்சாக்கெட் சரியாக இருந்தும் எடிட்டர் வெள்ளையாகவே நின்றால், விளம்பரத் தடுப்பான்களையும் இலக்கணத் திருத்த நீட்டிப்புகளையும் சந்தேகியுங்கள். அவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பதைவிட, நீட்டிப்புகள் எதுவும் இல்லாத விருந்தினர் சாளரத்தில் அதே இணைப்பைத் திறப்பது விரைவானது.

அறிமுகப் பேச்சு முடிந்து திரும்பினால் எடிட்டர் துண்டிக்கப்பட்டிருக்கிறது

நேர்காணலின் முதல் பத்து நிமிடம் பேச்சிலேயே போகிறது. வீடியோ ஒரு தாவலில், எடிட்டர் அதற்குப் பின்னால் இன்னொரு தாவலில். “சரி, எழுதலாமா?” என்று அவர் கேட்கும்போது தாவலை மாற்றினால், ‘இணைப்பு இழந்தது’ என்ற பட்டை காத்திருக்கிறது. பலர் இதற்கு வீட்டு வைஃபையைத் திட்டுகிறார்கள். காரணம் உலாவியின் சிக்கனமாகவும் இருக்கலாம். 2021 ஜனவரியில் வந்த குரோம் 88 முதல், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்து கிடக்கும் தாவலின் டைமர்களை நிமிடத்துக்கு ஒருமுறை மட்டுமே ஓடவிடும் வழக்கம் இருக்கிறது. எடிட்டர் ‘நான் இருக்கிறேன்’ என்று சர்வருக்கு அவ்வப்போது தெரிவிக்கும் துடிப்பும் அத்தகைய டைமர்தான் என்றால், அதுவும் தாமதமாகும். மறுமுனையில் என்ஜின்எக்ஸ் போன்ற இடைநிலை சர்வர் இருந்து, அதன் இயல்பான 60 விநாடி வரம்பை யாரும் மாற்றாமல் விட்டிருந்தால், அசைவே இல்லாத இணைப்பை அது வெட்டிவிடும்.

தீர்வு எளிது: எடிட்டரைத் தாவலாக வைக்காமல் தனிச் சாளரமாகப் பிரித்து, வீடியோவுக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துவிடுங்கள். ஏற்கெனவே துண்டிக்கப்பட்டு, அதில் நீங்கள் இன்னும் எதுவும் எழுதவில்லை என்றால், தயங்காமல் பக்கத்தை மீண்டும் ஏற்றலாம்.

நான் அடிப்பது எனக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை

இங்கேதான் பெரும்பாலோர் கை பதறி எஃப்5 அழுத்துகிறார்கள். அதுதான் செய்யக் கூடாதது. துண்டிக்கப்பட்ட நேரத்தில் நீங்கள் அடித்தவை சர்வருக்குப் போகாமல் உங்கள் உலாவியின் நினைவகத்தில் மட்டும் இருக்கக்கூடும். மீண்டும் ஏற்றினால் சர்வரில் உள்ள பழைய வடிவம் வந்து அவற்றை அழித்துவிடும். முதலில் முழு நிரலையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அதற்குப் பிறகு மீண்டும் ஏற்றுங்கள். சில தளங்கள் தாவலை விட்டு வெளியே போவதையும் வெளியிலிருந்து ஒட்டுவதையும் பதிவு செய்து நேர்காண்பவருக்குக் காட்டும். ஆகவே, “இணைப்பு அறுந்திருக்கிறது, என் நிரலைக் காப்பாற்ற நோட்பேடில் ஒட்டிவிட்டு வருகிறேன்” என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நாற்பது வரியை ஒரே மூச்சில் ஒட்டினால் பார்ப்பவர் என்ன நினைப்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதன் உடன்பிறப்பாக இன்னொரு அறிகுறி உண்டு: நீங்கள் எழுதும் வரி திடீரென்று சிதைகிறது, கர்சர் நகர்ந்துவிடுகிறது. இருவரும் ஒரே வரியில் கை வைத்திருப்பதே பெரும்பாலும் காரணம். பலர் ஒரே நேரத்தில் திருத்தும் உரையை ஒத்திசைப்பதற்கு, எல்லிஸ், கிப்ஸ் இருவரும் 1989இல் முன்வைத்த ‘ஆபரேஷனல் டிரான்ஸ்ஃபர்மேஷன்’ முறையையோ, 2011இல் வரையறை பெற்ற சிஆர்டிடி என்னும் தரவுக் கட்டமைப்புகளையோ எடிட்டர்கள் கையாள்கின்றன. இவை உறுதியளிப்பது, கடைசியில் இருவர் திரையிலும் ஒரே உரை இருக்கும் என்பதை மட்டுமே. அந்த உரை பொருளுள்ள நிரலாக இருக்கும் என்பதை அல்ல. நீங்கள் ஒரு மாறியின் பெயரை மாற்றும்போதே அவரும் உதவுவதாக எண்ணி அதே பெயரை மாற்றினால், இரண்டு பெயர்களும் பின்னிப்பிணைந்து ஒரு புதுச் சொல் பிறக்கும். கன்ட்ரோல் + இசட் அழுத்தினால் யாருடைய மாற்றம் பின்வாங்கும் என்பதும் எடிட்டருக்கு எடிட்டர் மாறுபடும். ஆகவே, சிதைந்த வரியைப் பின்வாங்கிச் சீர்செய்ய முயலாமல், அந்த வரியை நீக்கிவிட்டு ஒருவர் மட்டும் புதிதாக அடிப்பது நல்லது.

விசையை அழுத்தினால் வேறேதோ நடக்கிறது

நம்மில் தமிழும் தட்டச்சு செய்பவர்களுக்கே உரிய கோளாறு ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். நண்பருக்குத் தமிழில் செய்தி அனுப்பிய கையோடு எடிட்டருக்கு வந்து, இஃப் என்று ஆங்கிலத்தில் அடிக்கிறீர்கள்; திரையில் ‘ன்’ என்று விழுகிறது. தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் ஆங்கில ஐ விசையில் னகரமும் எஃப் விசையில் புள்ளியும் இருப்பதால் நேர்வது இது. விண்டோஸில் விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தினால் விசைப்பலகை மாறும். ஒரு நேர்காணலில் எனக்கே இது நடந்தது. எதிரில் இருந்தவருக்கு அது எந்த மொழியின் எழுத்து என்று விளக்குவதில் ஒரு நிமிடம் இனிமையாகவே கழிந்தாலும், அடுத்த முறை தொடங்குவதற்கு முன்பே மாற்றி வைத்துக்கொண்டேன்.

டேப் விசை இடைவெளி விடாமல் பக்கத்தின் அடுத்த பொத்தானுக்குத் தாவினால், எடிட்டர் மொனாக்கோ வகையைச் சேர்ந்ததா என்று பாருங்கள். விஎஸ் கோடின் அடியில் இருக்கும் அதே எடிட்டரைப் பல தளங்கள் பயன்படுத்துகின்றன. அதில் கன்ட்ரோல் + எம், மேக்கில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எம், டேப் விசையின் பணியை மாற்றிவிடும். தவறுதலாக அழுத்தியிருந்தால் அதையே மறுமுறை அழுத்தினால் போதும். அடிக்கும் எழுத்து முன்னே உள்ள எழுத்தைத் தின்றுகொண்டே போனால், அது இன்சர்ட் விசையின் வேலை.

விம் என்னும் எடிட்டரில் பழகியவர்கள் ஒரு சொல்லை அழிக்க எண்ணிக் கன்ட்ரோல் + டபிள்யூ அழுத்தித் தாவலையே மூடிவிடுவார்கள். அந்த விசைச் சேர்க்கையை உலாவி தனக்கென்று வைத்திருப்பதால், எடிட்டர் நினைத்தாலும் பெரும்பாலும் தடுக்க முடியாது. கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி அழுத்தினால் தாவல் திரும்ப வரும். எழுதியது சர்வரில் இருக்கும்.

கண்ணுக்குச் சரியாக இருக்கும் வரியில் பிழை என்கிறது

நிரலை வேறிடத்திலிருந்து ஒட்டியிருந்தால் மட்டுமே இதைச் சந்தேகிக்க வேண்டும். கூகுள் டாக்ஸும் அரட்டைச் செயலிகள் சிலவும் நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றிவிடுகின்றன. பைத்தான் இதை ‘இன்வேலிட் கேரக்டர்’ என்று நேரடியாகச் சொல்லிவிடும். சி++ நிரலில் ‘ஸ்ட்ரே \342’ என்ற வகைச் செய்தியைக் கண்டால் மிரள வேண்டாம்: வளைந்த மேற்கோள் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாக இருக்கிறது, அவற்றில் முதல் பைட்டை எட்டின் அடிமானத்தில் எழுதினால் 342 வரும். டாக்ஸிலேயே எழுதச் சொன்னால், டூல்ஸ் பட்டியலில் பிரிஃபரன்ஸஸ் சென்று ‘ஸ்மார்ட் கோட்ஸ்’ என்பதையும், வரித் தொடக்கத்தைப் பெரிய எழுத்தாக்கும் தேர்வையும் நீக்கிவிடுங்கள்.

இதைவிடக் கொடியது வெற்றிடம். வலைப்பக்கத்திலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ நகலெடுத்த வரியில், சாதாரண இடைவெளிக்குப் பதில் யூனிகோடின் 160ஆம் எண்ணுக்குரிய உடையா இடைவெளி ஒளிந்திருக்கக்கூடும். கண்ணால் பிரித்தறிய வழியில்லை. வரியை அழித்துக் கையால் மீண்டும் அடிப்பது தேடிக்கொண்டிருப்பதைவிடச் சீக்கிரம் முடியும். பைத்தானில் ‘டேப் எரர்’ வந்தால், நீங்கள் டேப்பும் நேர்காண்பவர் தந்த தொடக்க நிரல் வெற்றிடமும் பயன்படுத்துவதே காரணம். அவருடைய வழக்கத்துக்கே மாறிவிடுங்கள்.

ரன் அழுத்துகிறேன், ஒன்றும் வரவில்லை

எனக்கு நன்றாக நினைவிருக்கும் நேர்காணல் ஒன்று. கேள்வி கேட்டவன் நான்; எழுதியவர் நல்ல திறமைசாலி. வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகும் இருபாதித் தேடலில் ஓர் எண்ணைக் கண்டுபிடிக்கும் சார்பு (ஃபங்ஷன்) அது. முடிவு வராததால், சார்பின் முதல் வரியிலேயே ‘உள்ளே வந்தேன்’ என்று அச்சிடச் சொல்லிவிட்டு ஓட்டினார். நேர வரம்பு கடந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ‘உள்ளே வந்தேன்’ வரவில்லை. எனவே சார்பு அழைக்கப்படவே இல்லை என்று முடிவுசெய்து, அழைக்கும் இடத்தையும் உள்ளீட்டையும் பத்து நிமிடத்துக்கு மேல் திருத்திக்கொண்டிருந்தார். உண்மையில் சார்பு அழைக்கப்பட்டிருந்தது. கீழ் எல்லையை நடுவுக்கு நகர்த்தும்போது ஒன்றைக் கூட்டாமல் விட்டதால் வளையம் முடிவில்லாமல் சுற்றியது. அச்சிட்ட சொல் வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

ஏன் வரவில்லை என்பதைத் தெரிந்துகொள்வது பயன்தரும். பைத்தானின் வெளியீடு உண்மையான டெர்மினலுக்குப் போகும்போது வரிக்கு வரி வெளியேறும். இன்னொரு நிரலுக்குக் கொண்டுசெல்லும் பைப்புக்கோ கோப்புக்கோ போகும்போது, சில ஆயிரம் பைட்டுகள் சேரும்வரை இடையகம் என்னும் தற்காலிக நினைவகத்தில் தங்கும். தளத்தின் கன்டெய்னர் பைப் வழியாக வெளியீட்டைப் பிடித்து, நேர வரம்பு வந்ததும் நிரலைக் கொன்றால், இடையகத்தில் இருந்ததும் அதனோடு போய்விடும். சி++ நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டு செக்மென்டேஷன் ஃபால்ட்டில் விழும்போதும் இதே கதைதான்: விழுவதற்கு முந்தைய அச்சுகள் மறைந்து, பிழை மிக முன்னால் நேர்ந்ததாகத் தோன்றும். ஆகவே இத்தளங்களில் சோதனை அச்சுகளைப் போடும்போது பைத்தானில் பிரிண்ட்டோடு ‘ஃப்ளஷ்’ என்பதை ட்ரூ ஆக்குங்கள். சி++இல் சிஅவுட்டுக்குப் பதில், இடையகத்தில் தேக்காமல் உடனே வெளியிடும் சிஎர் பயன்படுத்துங்கள். அச்சு வரவில்லை என்பதை மட்டும் வைத்து அந்த வரி ஓடவில்லை என்று ஒருபோதும் முடிவுசெய்ய வேண்டாம்.

ஒன்றும் வராததற்கு இன்னும் எளிய காரணங்களும் உண்டு. சார்பை வரையறுத்துவிட்டு அழைக்க மறந்திருப்பது முதலாவது. நிரல் உள்ளீட்டுக்காகக் காத்திருப்பது இரண்டாவது. உள்ளீடு தரும் வசதி இல்லாத தளத்தில் பைத்தானின் இன்புட் சார்பு ‘ஈஓஎஃப் எரர்’ என்று நின்றுவிடும், அப்போது மதிப்பை நிரலிலேயே நேரடியாக எழுதிவிடுவதே வழி. வளையத்துக்குள் அச்சிட்டு அது முடிவில்லாமல் சுற்றினால் நேர்மாறாக வெளியீடு வெள்ளமாய்ப் பாய்ந்து தாவலே உறைந்துபோகும். அவருடைய தாவலும் சேர்ந்து உறையக்கூடும் என்பதால், நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணினியில் ஓடியது இங்கே ஓடவில்லை

மொழியின் பதிப்பைப் பாருங்கள். பைத்தானின் மேட்ச் தொடர் 3.10இல்தான் வந்தது, ஜாவாவில் வார் என்ற சுருக்கம் 10ஆம் பதிப்பிலும், லிஸ்ட் டாட் ஆஃப் 9ஆம் பதிப்பிலும் வந்தன. ஜாவா 8 ஓடும் தளத்தில் இரண்டும் பிழையாகும். ஜாவாவில் பொது வகுப்பின் பெயரும் கோப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தளம் கோப்புக்கு மெயின் என்று பெயர் வைத்திருந்தால், சொல்யூஷன் என்ற பொது வகுப்பு அங்கே கம்பைல் ஆகாது. நிரல் போட்டிகளில் பழகியவர்கள் சி++இல் ஒரே வரியில் எல்லா நூலகங்களையும் சேர்க்கும் ‘பிட்ஸ்’ தலைப்புக் கோப்பு ஜிசிசி என்னும் கம்பைலருக்கு உரியது. எல்லாக் கம்பைலர்களிலும் அது இராது. ஆயிரம் நிலைகளுக்கு மேல் தன்னைத்தானே அழைக்கும் பைத்தான் சார்பு ‘ரிகர்ஷன் எரர்’ காட்டினால் அது தளத்தின் குறை அல்ல. மொழியின் இயல்பான வரம்பே 1000தான். வரம்பை உயர்த்தப் போகிறீர்களா, வளையமாக மாற்றி எழுதப் போகிறீர்களா என்பதை நேர்காண்பவரிடம் பேசியே முடிவெடுக்கலாம். அது பழுதுபார்ப்பு என்ற நிலையிலிருந்து நேர்காணலின் பகுதியாகவே மாறிவிடும்.

குரலும் திரைப் பகிர்வும்

எதிரொலி கேட்டால், கைபேசியிலும் கணினியிலும் ஒரே அழைப்பில் சேர்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். புளூடூத் ஹெட்செட்டில் மைக்கும் சேர்ந்து இயங்கும்போது ஒலித்தரம் குறைந்து பழைய தொலைபேசி போல ஒலிப்பது அதன் இயல்பு. கணினியின் மைக்கைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். மேக்கில் 2019இல் வந்த கேட்டலினா முதல், திரையைப் பகிர உலாவிக்குத் தனி அனுமதி வேண்டும். அனுமதித்த பிறகு உலாவியை மூடித் திறக்கச் சொல்லும், அப்போது அழைப்பு அறுந்துவிடும். இதை முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

குறித்த நேரத்தில் யாரும் இல்லை

அமெரிக்காவிலிருந்து நடக்கும் நேர்காணல் என்றால், பழுதைக் கணினியில் தேடாமல் நாட்காட்டியில் தேடுங்கள். அங்கே மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே இழுக்கிறார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் அந்த வழக்கம் இல்லை. பசிபிக் கரையின் காலை 9 மணி, கோடையில் நமக்கு இரவு 9.30, குளிர்காலத்தில் இரவு 10.30. அக்டோபரில் குறித்துவிட்டு நவம்பரில் நடக்கும் நேர்காணலில், அழைப்பிதழில் உள்ள அவர்கள் ஊர் நேரத்தை வைத்து மீண்டும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரமோ இணையமோ முழுவதுமாகப் போய்விட்டால்

ரௌட்டருக்கு மட்டும் போதுமான சிறிய யுபிஎஸ் இருந்தால் இந்தப் பகுதி உங்களுக்குத் தேவைப்படாது. இல்லாதவர்கள், ஒருங்கிணைப்பாளரின் தொலைபேசி எண்ணையும் எடிட்டர் இணைப்பையும் கைபேசியில் முன்பே சேமித்து வைத்திருக்க வேண்டும். மின்னஞ்சல் பெட்டியைத் தோண்டித் தேடுவதற்கு அது நேரமல்ல. போன உடனே ஒற்றை வரியில் செய்தி அனுப்பிவிட்டு, கைபேசி வழியாகக் குரல் அழைப்பில் முதலில் சேருங்கள். நிரல் பற்றிய பேச்சு அதற்குள் தொடரலாம். ஹாட்ஸ்பாட்டில் கணினி இணைந்ததும் கேமராவை அணைத்தே வையுங்கள். எடிட்டருக்கு வேண்டியது மிகக் குறைந்த அலைவரிசை, வீடியோ அதையும் தின்றுவிடும். எடிட்டர் திறந்ததும், கடைசியாக எந்த வரி வரை சர்வருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து, அந்த வரியைச் சத்தமாகப் படித்துவிட்டு அங்கிருந்தே எழுதத் தொடங்குங்கள்.